பிளேக் கொட்டகையில் பாதிப் பாதி ஆட்டம்

பாதிப் பாதி ஆட்டத்தில் கைக்கு வந்த சீட்டுகளில் எதை வைத்து ஆடலாம், எதைக் கவிழ்த்துப் போட்டுவிட வேண்டும் என்பது ஆம்பூரில் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஆடி வருகிறேன். என்னோடு ஆடியவர்கள் எல்லோரும் என்னைத் திட்டியிருக்கிறார்கள். நான் தப்பாக ஆடினேன் என்று யாரும் திட்டியதில்லை. ஆடவே மாட்டேன் என்கிறேன் என்றுதான் திட்டினார்கள்.

நான் இதைக் கற்றது ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில், மூங்கில் வேலி போட்ட ஒரு பிளேக் முகாமில்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. ஆம்பூர் டேனரி ஒன்றில் தோல் தரம் பிரிக்கிற வேலை. பெங்களூரில் ஒரு வியாபாரியிடம் ஆட்டுத்தோல் சரக்கு கிடக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வா என்று முதலாளி அனுப்பினார். பார்த்தேன். சரக்கு சரியில்லை, வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். எங்கள் பெட்டியில் ஒரு மூலையில் கம்பளி போர்த்திக்கொண்டு ஒருவர் முனகிக்கொண்டே வந்தார். பெங்களூரில் பிளேக் இருந்த காலம் அது. ஜோலார்பேட்டையில் டாக்டர் பெட்டிக்குள் ஏறிப் பார்த்து, அந்த ஆளைத் தூக்குக் கட்டிலில் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அவருக்குப் பக்கத்திலும் எதிரிலும் உட்கார்ந்திருந்த நாலு பேரை இறங்கச் சொன்னார். பத்து நாள் முகாமில் இருக்க வேண்டும், காய்ச்சல் வராவிட்டால் விட்டுவிடுவோம் என்றார்.

நாலு பேரில் நான் ஒருவன். இன்னொருவர் திமிரிக்காரர், என் வயதுதான். கோலார் தங்கவயலில் வெள்ளைக்காரர்கள் கூடும் கிளப்பில் பட்லர் வேலை. லீவில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். மூன்றாவது ஒரு அம்மாள், குடியாத்தம் நெசவுக் குடும்பம். ஐம்பது வயது இருக்கும். புருஷன் இறந்த பிறகு லுங்கி மூட்டையைத் தானே பெங்களூருக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு வருகிறவள். நாங்கள் அக்கா என்றே கூப்பிட்டோம். நாலாவது ஒடுகத்தூர்ப் பக்கத்து விவசாயி. கல்லக்காய் என்கிற வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற நிலம் உண்டு. கோலாரில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்துவிட்டு வந்தவர். பெரியவர் என்று அவரைச் சொல்வோம்.

எங்கள் நாலு பேருக்கும் ஒரே கொட்டகை. அக்காவுக்காக ஓலைத்தட்டி வைத்து ஒரு பக்கம் மறைத்திருந்தார்கள். மற்றக் கொட்டகைகளில் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் கொட்டகை விட்டுக் கொட்டகை போகக் கூடாது, ஒவ்வொரு கொட்டகைக்கும் ஒரு வேளை குறித்துத்தான் கிணற்றுக்கு விடுவார்கள். காலையும் மாலையும் கம்பவுண்டர் வந்து அக்குளில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார். அரிசி பருப்பு கொடுத்தார்கள், அவரவர் பொங்கித் தின்றோம். மற்ற நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்து நமக்குக் காய்ச்சல் வருகிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. முதல் நாள் நான் இருபது தடவையாவது தொட்டுப் பார்த்திருப்பேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் பட்லர் தன் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்தார். ஓரமெல்லாம் மழுங்கிப்போன பழைய கட்டு. கிளப்பில் கழித்துப் போட்டது.

“சும்மா கீறதுக்கு ஆடலாமா? கிளப்புல தொரைங்க ஆடுற ஆட்டம் ஒண்ணு சொல்லித் தர்றேன்” என்றார்.

“எனக்குச் சீட்டு தெரியாது” என்றாள் அக்கா.

“எண்ணத் தெரியுமா? ராஜா ராணி படம் பார்த்தா தெரியும் இல்ல? அது போதும்கா.”

ஆட்டம் எளிதுதான். ஆளுக்கு ஐந்து சீட்டு. போடுவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு கொட்டை நடுவில் வைக்க வேண்டும். கொட்டகைக்கு முன்னால் ஒரு பெரிய புளியமரம் இருந்தது, புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை, ஆளுக்குச் சமமாகப் பிரித்துக்கொண்டோம். சீட்டைப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் கவிழ்த்துப் போட்டுவிடலாம். பிடித்தால் இன்னும் இரண்டு கொட்டை வைத்துவிட்டு, வேண்டாத சீட்டில் மூன்று வரைக்கும் கொடுத்து வேறு வாங்கலாம். பிறகு ஒரு தடவை, யாருக்கு எவ்வளவு தைரியமோ அவ்வளவு கொட்டை வைக்கலாம். கடைசியில் எல்லோரும் விரித்துக் காட்ட வேண்டும். ஜோடி, மூன்று ஒரே சீட்டு, வரிசை என்று பெரிய கை வைத்திருப்பவருக்குக் குவியலில் பாதி. மீதிப் பாதி, இருப்பதிலேயே சின்னக் கை வைத்திருப்பவருக்கு. சின்னக் கை என்றால் ஜோடி இருக்கக் கூடாது, எல்லாம் சின்ன எண்ணாக இருக்க வேண்டும்; கையில் உள்ள பெரிய எண் யாருக்குக் குறைவோ அவர்தான் சின்னது. ஏஸ்தான் எல்லாவற்றிலும் சின்னது. வேண்டும்போது அதுவே ராஜாவுக்கு மேல் பெரியதும் ஆகும்.

“அப்போ தோக்குற கையும் ஜெயிக்குதா?” என்று பெரியவர் கேட்டார். முகாமுக்கு வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“ஆமாங்க. அதான் இதுல விசேஷம்.”

பெரியவர் மரத்தடிக்கு நகர்ந்து வந்து உட்கார்ந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தார்.

பந்தயம் என்ன என்று பேசினோம். அக்காதான் சொன்னாள்: “சாயங்காலம் யார்கிட்ட கொட்டை கம்மியா கீதோ, அவங்க நாலு பேருக்கும் தண்ணி எடுக்கணும்.” கிணறு ஆழமானது, கொட்டகையிலிருந்து தூரமும் கூட. எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது.

அன்றைக்கு நான் தோற்றேன். எந்தச் சீட்டு வந்தாலும் எடுத்தேன். இரண்டு பக்கமும் ஜெயிக்கலாம் என்றால் எந்தக் கைக்கும் ஏதோ ஒரு வழி இருக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் அந்த ஆட்டத்தில் எல்லோரையும் கவிழ்ப்பது என்று அப்போது தெரியவில்லை.

மாலையில் எங்கள் முறை வந்ததும் குடங்களை எடுக்கப் போனேன். பெரியவர் தன் குடத்தின் வாயில் கையை வைத்துக்கொண்டார்.

“என்னுது வேணாம். நான் மொண்டுக்குறேன்.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். நான் தோல் வேலை செய்கிறவன் என்பதும் எங்கள் தெரு எது என்பதும் முதல் நாள் பேச்சிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஊர்க் கிணறு ஒன்று, எங்கள் கிணறு ஒன்று. ஊர்க் கிணற்றில் நான் வாளி போட்டதே கிடையாது. இங்கே சர்க்கார் கிணறு. யார் வேண்டுமானாலும் இறைக்கலாம் என்று முகாம் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் சொல்லியிருந்தார்.

அக்கா தன் குடத்தை என் பக்கம் தள்ளினாள். “காய்ச்சக்காரன் பக்கத்துல ஒண்ணா ஒக்காந்து வந்தோம். இனிமே இன்னா ஒட்டிக்கப் போவுது? எடுத்துட்டு வா தம்பி” என்றாள். பெரியவர் கேட்காத மாதிரி வேலியைப் பார்த்தார்.

மூன்று குடம் நிரப்பினேன். பெரியவர் நான் முடிக்கும் வரை தள்ளி நின்றார். பிறகு கயிற்றின் மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத் தனக்கு இறைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்றைக்குத் தோற்றவன் நான். தோற்றுவிட்டுச் சண்டை போட்டால் தோற்றதற்காகப் போடுகிற மாதிரி இருக்கும். பேசாமல் வந்துவிட்டேன்.

மறுநாளும் தோற்றேன். மறுபடியும் மூன்று குடம், மறுபடியும் அவர் கயிற்றைக் கழுவினார்.

நாலாம் நாள் காலையில் பட்லரிடம் சீட்டுக்கட்டை வாங்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன். நாலு பேர் ஆடுவதாக வைத்துக்கொண்டு நாலு கை போட்டு, விரித்துப் பார்த்தேன். கலைத்து மறுபடி போட்டேன். வெயில் ஏறுகிற வரைக்கும் இதே வேலை. எந்தக் கை முழுக் குவியலையும் எடுக்கிறது, எது பாதி எடுக்கிறது, எது ஒன்றும் எடுக்காமல் போகிறது என்று பார்த்தேன். தோலில் நல்லது கெட்டது பார்த்துப் பழகியவன். பார்க்கப் பொறுமை உண்டு.

முதலில் தெரிந்தது ஏழு, எட்டு, ஒன்பது, பத்து ஆகிய நடுச் சீட்டுகளின் சங்கதி. பார்க்கக் கனமாக இருக்கும், ஒன்றுக்கும் உதவாது. பெரிய பக்கம் போனால் ராஜா ஜோடி அடிக்கும். சின்னப் பக்கம் போனால் ஆறும் ஐந்தும் அடிக்கும். இரண்டு நாளாக ஒன்பது ஜோடி வந்தபோதெல்லாம் நான் சந்தோஷமாக எடுத்திருக்கிறேன். அதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அடுத்தது, பாதி என்பது நினைக்கிற அளவு பெரியதில்லை. நாலு பேரும் ஆட்டத்தில் இருந்து நான் பாதி எடுத்தால் லாபம். இரண்டு பேர் மட்டும் மிஞ்சிப் பாதி எடுத்தால், நான் வைத்ததுதான் எனக்குத் திரும்பி வருகிறது. ஆகவே இரண்டு பக்கத்துக்கும் வழி இருக்கிற கையைத்தான் தேட வேண்டும். அப்படிப்பட்ட கையில் ஏஸ் இருக்கும். ஏஸோடு இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று பக்கத்தில் துணை இருக்கும். அது நன்றாக அமைந்தால் சின்னதும் அதுவே, வரிசையானதால் பெரியதும் அதுவே. சரியாக அமையாவிட்டாலும் சின்னப் பக்கம் பலமாக நிற்கும்.

அப்புறம் ராஜா ஜோடி. அதன் மதிப்பு தனியாகக் கிடையாது. கூட ஆடுகிறவர்களைப் பொறுத்தது. மற்றவர்கள் எல்லோரும் சின்னதைத் துரத்திக்கொண்டு போனால், ராஜா ஜோடி வைத்திருப்பவர் நோகாமல் பாதியை எடுத்துக்கொள்வார். இன்னொருவரும் பெரியதை வைத்திருந்தால் அதே ஜோடி நம்மைக் கவிழ்த்துவிடும்.

அதனால் ஆட்களைப் பற்றியும் யோசித்தேன். பட்லர் எல்லாக் கையும் ஆடுவார். அக்காவுக்குப் படச் சீட்டு என்றால் உயிர். ராஜா ராணியைக் கீழே வைக்க மனசு வராது. பெரியவர் அப்படி இல்லை. அவர் நிதானமானவர், சின்னப் பக்கம் மட்டும்தான் ஆடுவார். ஆனால் ஒரு குறை: எட்டு வரைக்கும் சின்னது என்று நினைத்தார். ஏஸ் இல்லாமலே மூன்று, நாலு, ஆறு, ஏழு, எட்டு என்று வந்தால் எடுத்துவிடுவார்.

அன்று மத்தியானம் பத்துக் கைக்கு ஏழெட்டுக் கையைக் கவிழ்த்துப் போட்டேன்.

“இன்னாண்ணே, ஒடம்பு சரியில்லையா?” என்று பட்லர் நிஜமாகவே கவலைப்பட்டார். கம்பவுண்டரைக் கூப்பிடட்டுமா என்றுகூடக் கேட்டார்.

“நல்லாத்தான் கீறேன். நீ போடு.”

“ஒரு கொட்டை வெச்சிட்டு வேடிக்கை பாக்குறதுக்கு எதுக்கு ஆடணும்? பேஜாரா கீது.”

“வர்ற வரைக்கும் பாக்குறேன்.”

வந்தபோது எடுத்தேன். நான் எடுத்தால் மற்றவர்கள் பயந்து ஓட வேண்டும். ஆனால் யாரும் ஓடவில்லை. இவ்வளவு நேரம் சும்மா இருந்தவன் இப்போதுதான் ஆடுகிறான், விடக் கூடாது என்று மூவரும் கொட்டை வைத்தார்கள். மாலையில் என்னிடம்தான் ஜாஸ்தி. பட்லர் தண்ணீர் எடுத்தார். பெரியவர் தன் குடத்தை அவரிடம் கொடுத்தார். அதையும் பார்த்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் அக்கா தோற்றாள். அக்காவைத் தண்ணீர் எடுக்கவிட மனசில்லாமல் பட்லரும் நானும் எழுந்தோம். “ஒக்காருங்க ரெண்டு பேரும். ஆட்டம்னா ஆட்டம்தான்” என்று சொல்லிவிட்டு அவளே நாலு குடத்தையும் நிரப்பி வைத்தாள்.

ஆறாம் நாள்தான் அது நடந்தது. அன்று பெரியவருக்குச் சீட்டு சரியாக வரவில்லை. கொட்டை குறைந்துகொண்டே வந்தது. பொழுது சாய்வதற்கு முன்னால் கடைசிக் கை. எனக்கு இஸ்பேட் ஏஸ், இரண்டு, மூன்று, ஐந்து, கூட ஒரு ராணி. நாலாம் நாள் காலையெல்லாம் நான் தேடிக்கொண்டிருந்த கை. பெரியவர் முதலில் இரண்டு கொட்டை வைத்தார். பட்லர் வழக்கம்போல வைத்தார். அக்காவும் வைத்தாள். நானும் வைத்தேன்.

பெரியவர் ஒரு சீட்டு மாற்றினார். பட்லர் மூன்று. அக்காவும் மூன்று மாற்றினாள். அப்படியென்றால் கையில் ஒரு ஜோடி பிடித்து வைத்திருக்கிறாள், பெரிய பக்கம் போகிறாள். நான் ராணியைக் கொடுத்துவிட்டு ஒன்று வாங்கினேன். ஆறு வந்தது. நாலு வந்திருந்தால் முழுக் குவியலும் எனக்கு. ஆறு போதும்.

பெரியவர் தன்னிடம் இருந்த கொட்டை முழுவதையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார். பட்லர்கூடச் சீட்டைக் கவிழ்த்துவிட்டார். அக்கா வைத்தாள். நான் அவர் தள்ளிய அளவு எண்ணி வைத்தேன்.

அக்கா இரண்டு ராஜாவைக் காட்டினாள். பெரியவர் ஏஸ், இரண்டு, மூன்று, நாலு, ஏழு என்று விரித்தார். அதுவரைக்கும் அவர் எடுத்ததிலேயே சிறந்த கை அது. வேறு எந்த வேளையிலும் அது ஜெயித்திருக்கும். நான் ஆறு வரைக்கும் உள்ள என் கையை விரித்தேன். பாதி அக்காவுக்கு, பாதி எனக்கு. பெரியவரிடம் ஒரு கொட்டைகூட இல்லை.

எல்லோரும் யோசித்தது ஒன்றைத்தான்: இனி என் குடத்துக்கும் அவர்தான் தண்ணீர் எடுக்க வேண்டும்.

எங்கள் முறை வந்ததும் பெரியவர் எழுந்தார். அக்காவின் குடத்தை எடுத்துப் போய் நிரப்பி வைத்தார். பட்லருடையதை நிரப்பினார். தன்னுடையதை நிரப்பினார். என் குடம் அங்கேயே காலியாகக் கிடந்தது. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“என்னுது?” என்றேன்.

“நீ இளவயசுக்காரன். எடுத்துக்க.”

“அக்கா ஐம்பது வயசுல எனக்கும் சேத்து எடுத்தாங்க. வயசு இல்லீங்க பேச்சு.”

நான் என் குடத்தை நானே நிரப்பிக்கொண்டு வந்து வைத்தேன். வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னேன்: “நாளைலருந்து பெரியவருக்குச் சீட்டு போடாத பட்லரே. தோத்தா எடுக்குறவங்களுக்குத்தான் ஆட்டம்.”

ஊரில் அப்படி ஒருவரிடம் நான் பேசியிருக்க முடியாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பட்லர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சரிண்ணே” என்றார்.

ஏழாம் நாளும் எட்டாம் நாளும் மூன்று பேராக ஆடினோம். பெரியவர் கொட்டகை வாசலில் உட்கார்ந்து வேலிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேர் ஆட்டம் எனக்கே சுவைக்கவில்லை. குவியல் சின்னது; ராஜா ஜோடி வைத்திருந்தவர் பயந்துகொண்டே கொட்டை வைத்தார்; சின்னப் பக்கத்தில் எனக்குப் போட்டி இல்லை. இதற்கு முன் நான் கவிழ்த்துப் போட்ட கைகளில் சிலவற்றை, ஆள் குறைந்ததால், எடுத்து ஆட வேண்டி வந்தது. அதையும் கற்றுக்கொண்டேன். ஆனாலும் ஒரு நல்ல ஆட்டக்காரரை வெளியே உட்கார வைத்துவிட்டோம் என்பது உறுத்தியது. உறுத்தியதற்காக நான் சொன்னதை மாற்றிக்கொள்ள நினைக்கவில்லை.

எட்டாம் நாள் பட்லரிடம் கேட்டேன். “நீதான் ஆட்டத்த சொல்லிக் குடுத்த. கிளப்புல எத்தினியோ பேர் ஆடுறத பாத்திருப்ப. எல்லாக் கையும் எடுத்தா தோப்போம்னு ஒனக்குத் தெரியாதா?”

பட்லர் சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னார். “தெரியும்ணே. எட்டு வருஷமா தட்டைப் புடிச்சிக்கினு தொரைங்க நாற்காலிக்குப் பின்னால நிக்குறேன். நாலு பேர் கையும் எனக்குத் தெரியும். இந்த ஆளு சீட்டைக் கீழ வெச்சிடணும், இந்த ஆளு ஆடணும்னு மனசுக்குள்ளயே சொல்லிக்குவேன். பாதிக்கு மேல சரியாத்தான் வரும்.”

“அப்புறம்?”

“இங்கதான் மொத மொதல்ல ஒக்காந்து ஆடுறேன். கைக்கு அஞ்சு சீட்டு வந்துட்டா, கீழ வெக்க மனசு வரமாட்டேங்குது.” சிரித்தார். “நீ சொல்ற ஆட்டம் எனக்கு வேலைக்குப் போற மாதிரி கீது. பாத்துக்கினு நிக்குறதுதானே அது?”

அக்கா, “அதுக்குன்னு தெனமும் தண்ணி எடுப்பியா?” என்றாள்.

“எடுக்குறேன்கா. இன்னா இப்போ?”

அதற்குப் பிறகு பட்லருக்கு நான் புத்தி சொல்லவில்லை. அவர் எடுத்த கை எல்லாம் அவருக்குச் சரியான கைதான்.

ஒன்பதாம் நாள் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தோம். பட்லர் சீட்டைக் கலைத்தார். பெரியவர் வாசலில் இருந்து எழுந்தார். கொட்டகைக்குள் போனார். வெளியே வரும்போது கையில் என் குடம் இருந்தது. அதில் அரைக் குடம் தண்ணீர் இருந்திருக்கும். வாசல் ஓரத்தில் கவிழ்த்து ஊற்றினார். எங்கள் வேளை இல்லாததால் போலீஸ்காரர் கிணற்றடியில் தடுத்தார். பெரியவர் அவரிடம் என்னவோ சொன்னார். போலீஸ்காரர் ஒதுங்கிக்கொண்டார்.

குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். அவர் தண்ணீர் தூக்கிப் பழகியவர் இல்லை. நடக்க நடக்கத் தளும்பி வேட்டி ஒரு பக்கம் நனைந்துவிட்டது. என் முன்னால் வைத்தார்.

“அன்னிக்கி பாக்கி” என்றார். பிறகு உட்கார்ந்தார். “எனக்கும் சீட்டப் போடு.”

நன்றி சொல்ல வேண்டிய காரியம் இல்லை அது. அக்காதான், “வேட்டி நனைஞ்சி போச்சே, காயட்டும், வெயில்ல ஒக்காருங்க” என்றாள். அவர் வெயில் பக்கம் நகர்ந்தார். அந்தப் பக்கம் நான் இருந்தேன்.

அன்று அவர் நன்றாக ஆடினார். இரண்டு நாள் வாசலில் உட்கார்ந்து வேலியைத்தான் பார்த்தார் என்று நினைத்திருந்தேன்; எங்கள் ஆட்டத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஏஸ் இல்லாத கையை எடுக்கவில்லை. எட்டு உள்ள கையை யோசிக்காமல் கவிழ்த்தார். ஒரு தடவை நான் சின்னப் பக்கம் பலமாக இருக்கிறேன் என்று கண்டுபிடித்து, கையில் இருந்த ஏழு வரைக்குமான சீட்டைக் கீழே வைத்துவிட்டார். என்னைப் பார்த்து, “ஆறு வெச்சிருக்க” என்றார். ஆறுதான் வைத்திருந்தேன். முகாமுக்கு வந்த பிறகு எனக்கு அதைவிடச் சந்தோஷமான பேச்சு எதுவும் காதில் விழவில்லை. வழக்கம்போல அன்றும் பட்லர்தான் தண்ணீர் எடுத்தார்.

பத்தாம் நாள் எனக்குச் சீட்டே வரவில்லை. எட்டு, பத்து, ஏழு, ஜாக்கி என்று வந்துகொண்டே இருந்தது, ஒவ்வொன்றையும் கவிழ்த்தேன். ஒவ்வொரு கைக்கும் ஒரு கொட்டை போய்க்கொண்டே இருந்தது. நல்லதாக வந்த இரண்டு கையிலும் வாங்கின சீட்டு கெடுத்துவிட்டது. பட்லர் அன்றைக்குப் பார்த்து, யாரும் எடுக்கத் துணியாத ஏழு, எட்டு, ஒன்பதை வைத்துக்கொண்டு இரண்டு சீட்டு வாங்கி, ஆறும் பத்தும் வந்து வரிசை கட்டிப் பெரிய பக்கத்தை அடித்துக்கொண்டு போனார். எழுந்து குதித்துக் கூத்துகூட ஆடினார். அவருக்காக நானும் சிரித்தேன். ஒரு கையைக்கூட நான் தப்பாக எடுக்கவில்லை. அதே சீட்டு இன்றைக்கு வந்தாலும் அப்படியேதான் ஆடுவேன்.

மாலையில் என்னிடம்தான் கொட்டை கம்மி.

எழுந்தேன். பட்லருடைய குடத்தை எடுத்தேன். அக்கா தன்னுடையதைத் தள்ளினாள். பெரியவர் கொட்டகைக்குள் போய்த் தன் குடத்தைக் கொண்டுவந்து, மற்ற குடங்களோடு வரிசையாக வைத்துவிட்டு, மரத்தடிக்குப் போய்ப் பீடி பற்றவைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

நாலு குடமும் நிரப்பி வைத்தேன். அவர் கிணற்றடிக்கு வரவில்லை. அன்று கயிற்றை யாரும் கழுவவில்லை.

மறுநாள் காலையில் டாக்டர் வந்து பார்த்து, ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார். ஸ்டேஷனுக்கு நாலு பேரும் ஒன்றாகத்தான் நடந்தோம். பட்லர் சீட்டுக்கட்டை எனக்குக் கொடுத்துவிட்டார். கிளப்பில் இன்னும் எத்தனையோ கிடக்கிறது என்றார். அக்கா எனக்கும் பட்லருக்கும் ஆளுக்கொரு லுங்கி கொடுத்தாள். விற்காமல் மிஞ்சியது, வாங்கிக்க என்றாள். ரயில் வந்தபோது பெரியவர் வேறு பெட்டியைப் பார்த்து நடந்தார். ஏறுவதற்கு முன் திரும்பி, “நீ ஆடுற ஆட்டம் சரி” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமையே என் மனைவிக்கும் அவள் அண்ணனுக்கும் எதிர்வீட்டுக்காரருக்கும் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தேன். முகாமில் நடந்ததையும் சொன்னேன். மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீ எடுத்த தண்ணிய அவுரு குடிச்சாரா?” என்றாள்.

“பாக்கல.”

“பாத்திருக்கணும்.”

“அவுரு கொடம் வெச்சாரு. நான் ரொப்புனேன். அதுக்கு மேல அவுரு பாடு.”

அவளுக்கு அது போதவில்லை என்று தெரிந்தது. பிறகு தனக்கு வந்த ஐந்து சீட்டையும் விசிறி மாதிரி விரித்து, அவள் அண்ணன் எட்டிப் பார்க்காதபடி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்காமலே, முகத்தைச் சுளித்து, ஐந்தையும் கவிழ்த்துத் தரையில் வைத்தாள். பிறகு அதில் என்ன இருந்தது என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள்.